ஸ்லொட் விளையாட்டில் 'வெற்றிச் சேர்க்கை' எப்படி விழுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை ஏகாம்பரம் வீதியில் கைத்தொலைபேசி திருத்தும் சின்னக் கடை என்னுடையது. அதற்கு முன் ஒன்பது வருடம் பயணிகள் கப்பல்களில் கசினோ இயந்திரங்களைத் திருத்தும் வேலை பார்த்தேன். இந்தப் பழைய வேலையின் கதை எப்படியோ ஊரில் பரவிவிட்டது. உடைந்த திரையை மாற்றக் கொடுத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்திருப்பவர்கள், அந்த அரை மணி நேரத்தில் "அண்ணா, இந்த ஸ்லொட் விளையாட்டு இருக்கிறதே..." என்று தொடங்குகிறார்கள். உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்யும் இளைஞர்கள், முச்சக்கரவண்டிக்காரர்கள், மகனின் போனைக் கையில் பிடித்தபடி வந்த ஒரு தாய், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எழுதிவைத்தேன்.

விளக்குவதற்கென்று மேசையில் ஒரு சாமான் வைத்திருக்கிறேன். குழந்தைப் பால்மா டின் மூன்று. நடுவில் துளையிட்டு ஒரே கம்பியில் கோத்தது. ஒவ்வொரு டின்னையும் சுற்றிக் கடதாசி ஒட்டி, பத்துக் கட்டம் கீறியிருக்கிறேன். ஒரு கட்டத்தில் மான், இரண்டில் மணி, மூன்றில் சங்கு, நான்கில் மீன். கோட்டை வாசலிலும் பஸ் நிலையத்திலும் வாழைப்பழத் தோலுக்கு நிற்கும் மானைப் போய் அபூர்வப் படமாக வைத்தாயே என்று ஊரார் சிரிக்கிறார்கள். கீழே 'டின்' என்று சொல்லும் இடமெல்லாம் இதுதான்.

"அண்ணா, இந்த இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது? மூன்று படம் ஒன்றாக வந்தால் காசு, அவ்வளவுதானே?"

முதலில் அவ்வளவுதான் இருந்தது. 1890களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்ள்ஸ் ஃபே என்பவர் செய்த 'லிபர்ட்டி பெல்' இயந்திரத்தில் மூன்று உருளைகள், ஐந்து வகைப் படங்கள். ஐந்து சத நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழன்று நிற்கும். மூன்றிலும் மணி நின்றால் 50 சதம். அதுதான் உச்சப் பரிசு. படத்தையும் பரிசையும் பிணைத்தவை இரும்புப் பல்சக்கரமும் வில்லும்தான். கண்ணால் பார்த்த உருளையே தீர்ப்பும் சொன்னது.

செர்ரியும் எலுமிச்சையும் தோடம்பழமும் ஏன் என்று கேட்பவர்களும் உண்டு. சூதாட்டத் தடையைச் சுற்றிப் போவதற்காகச் சில பழைய இயந்திரங்கள் காசுக்குப் பதிலாகப் பழச்சுவைச் சூயிங்கம் கொடுத்தன. பழப் படம் அந்தச் சுவையைக் குறித்தது. காசு திரும்பி வந்தது, பழம் போகவில்லை.

இன்று இயந்திரத்தில் கைப்பிடி இருந்தாலும் அது அலங்காரம். உள்ளே கணினி ஓர் எண்ணை எடுக்கிறது; அந்த எண்ணுக்கு உரிய படங்களைத் திரை காட்டுகிறது. தீர்ப்பு முதலில், படம் பிறகு.

"ஒரே படம் மூன்று எங்கே விழுந்தாலும் பரிசுதானே?"

இல்லை. பெரும்பாலான விளையாட்டுகளில் படங்கள் ஒரு பரிசுக் கோட்டின் மேல் நிற்கவேண்டும். இடப்பக்க முதல் உருளையில் தொடங்கி இடைவெளியில்லாமல் தொடரவேண்டும். அந்தப் படத்தின் அந்த எண்ணிக்கைக்குப் பரிசு அட்டவணையில் ஒரு தொகை இருக்கவும் வேண்டும். சில படங்களுக்கு இரண்டு போதும், பலவற்றுக்கு மூன்று வேண்டும்.

என் டின்னில் ஒரேயொரு கோடுதான், நடுவில் கட்டிய சிவப்பு நூல். இன்றைய விளையாட்டுகளில் பெரும்பாலும் ஐந்து உருளை, உருளைக்கு மூன்று கட்டம், ஆக 15 கட்டம் திரையில் தெரியும். அவற்றின் ஊடாக 20 கோடு, 25 கோடு என்று ஓடும். நேர்கோடு மட்டுமல்ல, மேலே தொடங்கிக் கீழே இறங்கி மறுபடி ஏறுவது, படிக்கட்டுப் போல இறங்குவது, வாள்பல் போல ஏறி இறங்குவது எல்லாம் உண்டு. கோட்டுக்கு 1 ரூபா என்றால் 20 கோட்டுக்கு நீங்கள் வைக்கும் பந்தயம் 20 ரூபா. இந்த 20ஐ மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

"நேற்று திரையில் நான்கு மணி நின்றது. ஒரு சதமும் விழவில்லை. ஏமாற்றுகிறார்கள், இல்லையா?"

கேட்ட தம்பி திரையைப் படம் பிடித்து வைத்திருந்தார். முதலாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது உருளைகளில் மணி. இரண்டாவதில் ஒரு வைரக்கல். மேலே சொன்ன விதிப்படி தொடர்ச்சி முதல் உருளையோடு அறுந்துவிட்டது. மற்ற மூன்று மணியும் வெறும் படங்கள்.

ஏமாற்று இல்லை, விதிதான். விதி, உதவிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. திரையோ நான்கு மணியையும் மினுமினுக்கவைத்தது. கண் எண்ணிக்கையைத்தான் பார்க்கும், வரிசையைப் பார்க்காது என்பதை வடிவமைத்தவர்கள் நன்றாக அறிவார்கள்.

"கோடே இல்லை, '243 வழி' என்று போட்டிருக்கிறது. அது என்ன கணக்கு?"

உருளைக்கு மூன்று கட்டம், ஐந்து உருளை: 3×3×3×3×3 = 243. இங்கே கோடு பார்ப்பதில்லை. அடுத்தடுத்த உருளைகளில் அந்தப் படம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சேரும். முதல் உருளையில் இரண்டு மீன், இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் மூன்று என்றால் 2×1×3 = 6 வழியில் வென்றதாகக் கணக்கு. உருளைக்கு நான்கு கட்டம் என்றால் 1,024 வழி. ஆறு உருளையில் ஏழு கட்டம் வரை விரிகிற வகையில் 1,17,649 வழி வரை போகும்.

வழி கூடினால் வெற்றி கூடுமே என்று கேட்பீர்கள். தடவைகள் கூடும், ஒவ்வொரு தடவைக்கும் உரிய தொகை அதற்கேற்பச் சிறுக்கும். ஒரே பாத்திரக் கறியைப் பத்துப் பேருக்குப் பதில் நூறு பேருக்குப் பகிர்வது போலத்தான்.

"எல்லாப் படத்துக்கும் பதிலாக நிற்கும் ஒன்று இருக்கிறதே, 'வைல்ட்'. அதுவும் 'ஸ்கட்டரும்' ஒன்றா?"

வேறு வேறு. ரம்மி ஆடுபவர்களுக்கு வைல்ட் என்பது ஜோக்கர் என்று சொன்னால் போதும்: தொடர்ச்சியில் இல்லாத படத்தின் இடத்தை அது நிரப்பும். மேலே நான்கு மணிக் கதையில் அந்த வைரக்கல்லின் இடத்தில் ஜோக்கர் நின்றிருந்தால் ஐந்தும் சேர்ந்திருக்கும். ஸ்கட்டர் கோட்டையும் வரிசையையும் பார்க்காது. திரையில் எங்கேயாவது மூன்று நின்றால் போதும், வழக்கமாக இலவசச் சுற்றுகளைத் திறந்துவிடும். ஜோக்கர் ஸ்கட்டருக்குப் பதிலாக நிற்பதில்லை. பெரும்பாலான விளையாட்டுகளில் இது விதி.

"சுழலும்போது நான் சரியான கணத்தில் நிறுத்தினால்?"

என் டின்னை நீங்கள் விரலால் நிறுத்தலாம். பழகினால் மானைக்கூடக் கொண்டுவரலாம்; பக்கத்துக் கடைக்காரரின் மகள் இப்போது மூன்றுக்கு ஒரு தடவை கொண்டுவருகிறாள். இயந்திரத்தில் அது நடக்காது. உள்ளே இருக்கும் எண் உருவாக்கி யாரும் தொடாதபோதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் எண்கள் மாறும். பொத்தானை அழுத்திய கணத்தில் இருந்த எண் பிடிபடும். நீங்கள் ஒரு தடவை கண் இமைப்பதற்குள் எண்ணற்ற விடைகள் கடந்து போயிருக்கும்.

கப்பலில் ஓர் இயந்திரத்தின் கதவைத் திறந்து சோதனை முறையில் ஓடவிட்டபோது இதைக் கண்ணாலேயே பார்த்தேன். பொத்தானை அழுத்தியதும் உள்ளே இருக்கும் விரலகலத் திரையில் உருளைகள் நிற்கவேண்டிய இடங்கள் எண்களாக வந்துவிட்டன. உருளைகள் அப்போதுதான் உறுமிக்கொண்டு புறப்பட்டன. 'நிறுத்து' பொத்தான் சுழலும் காட்சியைக் குறுக்குகிறது, வேறொன்றும் செய்வதில்லை.

"ஓர் உருளையில் இருபது படம். அதில் ஒன்று ஏழு. அப்படியானால் மூன்று ஏழுக்கு எண்ணாயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று நானே கணக்குப் போட்டேன். சரியா?"

கணித ஆசிரியர் கேட்டது இது. பெருக்கல் சரி; 20×20×20 = 8,000. கண்ணுக்குத் தெரியும் உருளைதான் சரியில்லை.

பழைய இரும்பு உருளையில் ஏறக்குறைய 22 இடங்கள்தான் கொள்ளும். மூன்று உருளைக்கு 10,648 சேர்க்கை. உச்சப் பரிசைப் பெரிதாக்க வேண்டுமென்றால் அது இன்னும் அரிதாக வேண்டும். உருளையைப் பெருப்பிக்கவும் முடியாது. இங்கே ஆனானப்பட்ட ஒரு யோசனை வந்தது. டெல்னஸ் (Inge Telnaes) என்ற பொறியாளருக்கு 1984இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது: உருளையைத் தொடாமல், அதற்குப் பின்னால் கணினியில் ஒரு நீண்ட பட்டியலை வைப்பது. பட்டியலில் 64 எண் இருக்கலாம். அவற்றில் ஒன்றுதான் ஏழுக்கு. மற்ற 63 எண்களையும் மலிவான படங்களுக்கும் வெற்று இடங்களுக்கும் பங்கிட்டு விடலாம். இப்போது மூன்று ஏழுக்கு வாய்ப்பு 64×64×64, அதாவது 2,62,144இல் ஒன்று. உருளையில் ஒரு மாற்றமும் தெரியாது.

ஆசிரியருக்கு இதைக் காட்ட மூன்று பொலித்தீன் பை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் 64 துண்டுச் சீட்டு. ஒன்றில் மட்டும் 'மான்' என்று எழுதிப் போட்டேன். பையில் கைவிட்டுச் சீட்டை எடுப்பது, அதில் எழுதியிருப்பதற்கு ஏற்ப டின்னைத் திருப்பி வைப்பது. பையை மேசைக்குக் கீழே ஒளித்துவிட்டால், டின்னைப் பார்க்கிறவர் பத்தில் ஒன்று மான் என்றே நினைப்பார். அவர் நெடுநேரம் டின்னையே பார்த்துவிட்டு, "டின் பொய் சொல்லவில்லை, ஆனால் டின்னைக் கேட்கவே இல்லை" என்றார். நான் ஒன்பது வருடத்தில் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

"இரண்டு ஏழு விழுந்து மூன்றாவது மயிரிழையில் தவறியது. அடுத்த சுற்றில் விழும் என்றுதானே பொருள்?"

மயிரிழை என்பது படத்தில்தான் உண்டு. மேலே சொன்ன பட்டியலை நினைத்துப் பாருங்கள். ஏழுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டு, உருளையில் அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் உள்ள வெற்று இடங்களுக்கு ஐந்து ஐந்து எண் கொடுத்தால், ஒரு தடவை ஏழு நிற்பதற்குப் பத்துத் தடவை அதன் பக்கத்தில் நிற்கும். உங்களுக்கு 'நெருங்கிவிட்டேன்' என்ற துடிப்பு. கணினிக்கு அது தோல்வி. தூரத்துத் தோல்வியும் பக்கத்துத் தோல்வியும் அதற்கு ஒன்றுதான்.

1980களின் இறுதியில் ஒரு நிறுவனம் இன்னும் ஒரு படி போனது: தோல்வி என்று தீர்மானமான பிறகு, தனி மென்பொருளைக் கொண்டு அதை மயிரிழைத் தோல்வியாக மாற்றிக் காட்டியது. அமெரிக்காவின் நெவாடா மாநிலச் சூதாட்ட அதிகாரிகள் அதைத் தடுத்தார்கள். பட்டியல் முறையைத் தடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாடு சட்டத்தரணிகளுக்குத் தெளிவாக விளங்குகிறது. எனக்கு அவ்வளவாக விளங்கவில்லை.

"'ஆர்.டி.பி. 96 சதவீதம்' என்றால் நூறு ரூபா போட்டால் 96 ரூபா திரும்பி வருமா?"

ஆர்.டி.பி. (return to player) என்றால் ஆடுபவர்களுக்குத் திரும்பும் பங்கு. உங்களுக்கு வராது, எல்லோருக்கும் சேர்த்து, நெடுங்காலத்தில் வரும். டின்னை எடுப்போம். மொத்தச் சேர்க்கை 10×10×10 = 1,000. மூன்று மான் 1 வழியில் விழும். மூன்று மணி 2×2×2 = 8 வழி. மூன்று சங்கு 27 வழி. மூன்று மீன் 64 வழி. ஆக ஆயிரத்தில் 100 வெற்றிச் சேர்க்கை, 900 தோல்வி. சுற்றுக்கு 10 ரூபா பந்தயம் என்று வைத்து நான் எழுதிய பரிசு: மான் 2,500 ரூபா, மணி 250, சங்கு 80, மீன் 40.

ஆயிரம் சேர்க்கையும் ஒவ்வொரு தடவை வந்தால் வாங்கியது 10,000 ரூபா. கொடுத்தது 2,500 + 2,000 + 2,160 + 2,560 = 9,220 ரூபா. ஆக என் டின்னின் ஆர்.டி.பி. 92.2 சதவீதம். இப்போது மானை மட்டும் விரலால் மறைத்துப் பாருங்கள். கொடுத்தது 6,720 ஆக இறங்கிவிடும். ஆயிரம் சுற்றுச் சுற்றியும் ஒரு மான் கூட விழாதவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர் இருப்பார்கள். அவர்கள் ஆடியது 92 சதவீத விளையாட்டு அல்ல, 67 சதவீத விளையாட்டு. மிச்சத்தை மான் விழுந்தவர் கொண்டுபோய்விட்டார்.

இன்னொன்று. சதவீதம் நீங்கள் கொண்டுவந்த காசின் மேல் அல்ல, வைத்த பந்தயங்கள் அத்தனையின் மேலும் வரும் கணக்கு. 1,000 ரூபாவை முழுக்க ஆடினால் சராசரியாக 922. அதை மறுபடி ஆடினால் 850. பிறகு 784. பத்து முறை இப்படிச் சுற்றினால் கையில் சுமார் 444. ஒரு மணி நேரத்தில் 600 தடவை பொத்தானை அழுத்துவது பெரிய காரியமே இல்லை என்பதால் பத்துச் சுற்றலுக்கு ஒரு பின்னேரம் போதும்.

"இருநூறு சுற்று வெறுமையாகப் போய்விட்டது. இனி விழுந்துதானே ஆகவேண்டும்?"

கேட்டவர் சல்லிப் பக்கம் கரைவலை இழுப்பவர். அவருக்கு அவருடைய தொழிலிலிருந்தே பதில் சொன்னேன். ஒரு கிழமை வலை வெறுமையாக வந்தால் நாளை மீன் படும் என்று நம்புவதற்குக் கடலில் ஒரு நியாயம் இருக்கிறது: நீரோட்டம் மாறும், பருவம் மாறும், மீன்கூட்டம் நகரும். நேற்றைய கடலுக்கும் நாளைய கடலுக்கும் தொடர்பு உண்டு. டின்னுக்குப் பருவம் கிடையாது. இருநூறு தடவை மான் வராமல் போனபின்பும் அதில் பத்துக் கட்டம், ஒரு மான்.

அப்படியானால் ஆர்.டி.பி. எப்படிச் சரியாகிறது என்றார். பழைய குறையை யாரும் ஈடு செய்வதில்லை. இலட்சக்கணக்கான சுற்றுகள் வந்து சேரும்போது அந்தக் குறை கரைந்து தெரியாமல் போகிறது.

"இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை மணியடித்து 'வென்றீர்கள்' என்கிறது. ஆனால் மிச்சம் இறங்கிக்கொண்டே போகிறது. எப்படி?"

மறக்கவேண்டாம் என்று சொன்ன 20 ரூபாவை இப்போது எடுங்கள். 20 கோட்டுக்கு 20 ரூபா வைத்தீர்கள். ஒரு கோட்டில் மூன்று மீன் விழுந்து 5 ரூபா வந்தது. திரையில் காசு பொழிகிறது, இசை வருகிறது, 'வெற்றி 5' என்று எழுத்து வளர்கிறது. உண்மையில் 15 ரூபா போனது. ஆராய்ச்சியாளர்கள் இதற்கு 'வெற்றி வேடமிட்ட இழப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரேயொரு கோடு இருந்த காலத்தில் இது நடக்க வழியில்லை. கோடுகள் பெருகியபின் வந்தது.

அந்தத் தாயின் மகனிடம் ஒரு வேலை சொன்னேன். ஒலியை நிறுத்திவிட்டு, ஐம்பது சுற்றுக்கு ஒவ்வொரு சுற்றின் பின்னும் மிச்சத் தொகையை மட்டும் கொப்பியில் எழுதச் சொன்னேன். 'வென்ற' சுற்று 19 என்று எண்ணி வந்தார். மிச்சம் கூடிய சுற்று 7. கொப்பியை அம்மாவிடம் காட்டவில்லை என்றும் சொன்னார்.

"சம்பள நாட்களில் பரிசு குறைவாக விழும்படி இயந்திரத்தை இறுக்கிவிடுகிறார்களாமே?"

கப்பலில் ஓர் இயந்திரத்தின் சதவீதத்தை மாற்றுவதென்றால் கதவைத் திறந்து, முத்திரையை உடைத்து, உள்ளே இருக்கும் கணினிச் சிப்பைக் கழற்றி மாற்றி, இரண்டு பேர் கையெழுத்து வைக்கவேண்டும். மாதச் சம்பளத்துக்காக யாரும் அதைச் செய்ய மெனக்கெடமாட்டார்கள். அவசியமும் இல்லை, கூட்டம் கூடினாலே வரும்படி கூடும்.

போனில் வேறு ஒரு சங்கதி உண்டு. ஒரே பெயர், ஒரே படம், ஒரே இசை கொண்ட விளையாட்டை அதைச் செய்த நிறுவனங்கள் பல சதவீதங்களில் விற்கின்றன. ஒரு தளத்தில் 96 ஆக இருப்பது இன்னொன்றில் 92 ஆகவோ அதற்குக் கீழோ இருக்கலாம். உதவிப் பக்கத்தின் அடியில் எண் எழுதியிருக்கும். எழுதியில்லாவிட்டால் அதிலிருந்தே உங்களுக்கு விளங்கவேண்டும்.

"அந்த ஏறிக்கொண்டே போகும் பெரிய பரிசு? அது யாருக்காவது விழுகிறதா?"

விழுகிறது. ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு சிறு துளி பொதுப் பானைக்குப் போகிறது. பல இடங்களில் உள்ள இயந்திரங்களை ஒரே பானையோடு இணைக்கும் 'மெகாபக்ஸ்' நெவாடாவில் 1986இல் வந்தது. 2003இல் லாஸ் வேகாசில் ஓர் இளைஞருக்கு அதில் 3 கோடியே 97 இலட்சம் டொலர் விழுந்தது.

வாய்ப்பைப் பற்றிக் கேட்டால், உருளைக்கு 368 இடம் கொண்ட பட்டியல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 368ஐ மூன்று தடவை பெருக்கினால் 4,98,36,032. ஏறத்தாழ ஐந்து கோடியில் ஒன்று. ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கமும் உள்ள நம்முடைய லொத்தர் சீட்டில் எல்லாம் பொருந்த வாய்ப்பு 2 கோடியே 60 இலட்சத்தில் ஒன்று. அது பரவாயில்லை போலத் தெரிகிறது. லொத்தர் சீட்டை ஒரு நிமிடத்துக்குப் பத்துத் தடவை யாரும் கிழிப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பானைக்குப் போகும் துளி, மற்றப் பரிசுகளின் பங்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

"டெலிகிராமில் 'சிக்னல்' தருகிறார்கள். மாலை 7.14க்கு அழுத்து என்றார்கள், விழுந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

எண் உருவாக்கி எப்படி வேலை செய்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை ஆயிரம் விடைகள் கடக்கின்றன என்று பாருங்கள், '7.14' என்பது நேரமே அல்ல. ஐந்நூறு பேருக்கு ஒரே செய்தி அனுப்பினால், என் டின்னின் கணக்கிலேயே ஐம்பது பேருக்கு ஏதோ ஒன்று விழும். ஐம்பது பேரும் குழுவில் படம் போடுவார்கள். நானூற்று ஐம்பது பேர் பேசாமல் இருப்பார்கள்.

உண்மையிலேயே கணித்தவர்கள் ஒரு தடவை இருந்தார்கள். 2014இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், பழைய வகை இயந்திரம் ஒன்றின் எண் வரிசையை உடைத்த ரஷ்யக் குழு பிடிபட்டது. ஆள் இயந்திரத்தின் முன் நின்று இருபது சொச்சம் சுற்றுகளைப் போனில் படம் பிடித்து அனுப்புவார். மறுமுனையில் கணக்கிட்டு, அழுத்தவேண்டிய கணத்துக்குச் சற்று முன் போனை அதிரவைப்பார்கள். அவர்கள் அந்த வித்தையை மாதக் கட்டணத்துக்கு விற்கவில்லை. வைத்திருந்து ஆடினார்கள். பிறகு சிறைக்குப் போனார்கள்.

"காசில்லாமல் ஆடும்போது அடிக்கடி விழுந்தது. காசு போட்டதும் நின்றுவிட்டது."

ஒழுங்கான கண்காணிப்பு உள்ள நாடுகளில் இலவச முறையும் காசு முறையும் ஒரே கணக்கில் ஓடவேண்டும். சுயாதீன ஆய்வுகூடங்கள் மென்பொருளைப் பரிசோதித்துச் சான்று தருகின்றன. காசே திரும்பக் கிடைக்காத பொழுதுபோக்குச் செயலிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதல் நாள் கொட்டிக் கொடுக்கவும் மூன்றாம் நாள் இழுத்துப் பிடிக்கவும் அவற்றால் முடியும். யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து இறக்கிய செயலி என்றால் உள்ளே என்ன ஓடுகிறது என்று திருத்துகிற எனக்கும் தெரியாது. நம்பும்படியான உதவிப் பக்கம், சதவீதம், உரிமம் கொடுத்த அமைப்பின் பெயர், மூன்றும் இல்லாதது ஸ்லொட் விளையாட்டே அல்ல, ஸ்லொட் போலப் படம் காட்டும் உண்டியல்.

"இங்கே ஆடுவது சட்டப்படி சரியா?"

நான் சட்டத்தரணி அல்ல. இலங்கையில் கசினோவுக்கென்று 2010ஆம் ஆண்டில் 17ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. கசினோக்கள் கொழும்பில்தான் இயங்குகின்றன, திருகோணமலையில் இல்லை. வெளிநாட்டுத் தளத்தோடு பிணக்கு வந்தால் முறையிட இங்கே யாரிடம் போவீர்கள் என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

"மூன்று இலட்சம் வென்றேன். எடுப்பதற்கு 15,000 ரூபா 'வரி' முன்கூட்டிக் கட்டச் சொல்கிறார்கள்."

கட்டவேண்டாம். உண்மையான வரி என்றால் வென்ற தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளலாமே. 15,000 கட்டினால் அடுத்து 'கணக்கைத் திறக்க' 25,000 கேட்பார்கள். இப்படிக் கேட்டு வந்த மூன்று பேரில் இருவர் முதல் தவணையைக் கட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள்.

"கடைசியாக ஒன்று. திரை பெரிய தொகை காட்டியது, பிறகு 'இயந்திரப் பிழை' என்று மறுத்தால் யார் பக்கம் நியாயம்?"

கசினோ இயந்திரங்களின் முகப்பில், கோளாறு ஏற்பட்டால் எல்லாப் பரிசும் ஆட்டமும் செல்லாது என்று ஒரு வரி எழுதியிருக்கும். முதல் பதிலில் சொன்னதன் மறுபக்கம் இது: தீர்ப்பு எண்ணில் இருக்கிறது, திரை அதன் அறிவிப்புப் பலகை. இரண்டும் முரண்பட்டால் உள்ளே பதிவான எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

2016இல் நியூயோர்க்கில் ஒரு பெண்ணின் திரை 42,949,672 டொலர் என்று காட்டியது. சிரித்தபடி திரையோடு சேர்ந்து படமும் எடுத்தார். கோளாறு என்று சொல்லி கசினோ அவருக்கு 2 டொலர் 25 சதமும் ஓர் இராச் சாப்பாடும் தர முன்வந்தது. அந்த இயந்திரம் ஒரு சுற்றுக்குத் தரக்கூடிய உச்சத் தொகை 6,500 டொலர். செய்தியைப் படித்த அன்று அந்த எண் எங்கோ பார்த்தது போல இருக்கவே, கடையில் கால்குலேட்டரை எடுத்து இரண்டை 32 தடவை பெருக்கிப் பார்த்தேன். 4,294,967,296. முப்பத்திரண்டு பிட் கணினி எண்ணி முடிக்கும் இடம். சதக் கணக்காக எடுத்துப் புள்ளியை இரண்டு இலக்கம் தள்ளி வைத்தால் 42,949,672 டொலரும் சில்லறையும்.